படுக்கைக் கணக்கு

போன மாதம் பல்லடத்தில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டவர் ஒரு இளம்பெண், மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு அறக்கட்டளையை நடத்துகிறார். அதைப் போன்ற சிறு அமைப்புகளில் கணக்குப் பார்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நிதி வருவது திடீரென்று நின்றால் தாக்குப்பிடிக்க எவ்வளவு சேமிப்பு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. என் முறை வந்தபோது, "ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார்.

"அவ்வளவுதானுங்களா அக்கா? நீங்க இன்னும் நெறைய சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க."

பஸ் வந்துவிட்டது. சொல்ல நிறைய இருந்தது, சொல்லும் தெம்புதான் இல்லை. எழுதும்போது நடுவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் வேலைக்காலத்தின் முதல் பாதியில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பி.காம். முடித்ததும் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமை சம்பளம் போடுவது, சாயப்பட்டறை பில்லையும் நூல் பில்லையும் ஒத்துப் பார்ப்பது, முதலாளியின் மகன் கம்ப்யூட்டர் வாங்கி வந்தபோது அதைக் கற்றுக்கொண்டது. இதெல்லாம் இந்த ஊரில் ஆயிரம் பேர் செய்கிற வேலை. முதலாளி வீட்டு அண்ணன் தம்பிகள் கம்பெனியைப் பிரித்துக்கொண்டபோது என்னை இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மங்கலம் ரோட்டில் ஒரு மாடியில் இரண்டு அறைகளில் இருந்த அறக்கட்டளைக்குப் போனேன். சம்பளம் கம்பெனியை விடக் குறைவு. ஒரு வருடம் இருந்துவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்றுதான் போனேன். அது மூடும் வரை அங்கேயே இருந்தேன்.

எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அங்கே வேலை. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, வலிக்கு மாத்திரை கொடுப்பது, உடம்பைத் துடைத்துப் புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் இருக்க ஏர் பெட் கொடுப்பது. இந்த ஊரில் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. தைக்கிறவர்களுக்கு பீஸ் கணக்கில் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் காலை எட்டரைக்கு மேல் போனால் பூட்டிய கதவுகளும், உள்ளே தனியாகக் கிடக்கிற ஒரு உடம்பும்தான் இருக்கும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா அந்தச் சாவியை வாங்கித்தான் உள்ளே போவாள். ஸ்டெல்லா, வேன், வேனுக்கு ஒரு டிரைவர், நான். எங்களுக்கு மேலே டாக்டரம்மா.

டாக்டரம்மா அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறக்கட்டளையின் செயலாளர் அவர்தான். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டிரைவரிடமும் "வண்டி எடுக்கலாமுங்களா" என்றுதான் கேட்பார். ஒரு பக்கம் அச்சான தாள்களைக் கிழித்துக் கட்டி வைத்திருப்பார், எது எழுதினாலும் அதன் பின்பக்கத்தில்தான். ஆபீசில் டீ வாங்கினால் தன் பங்குக் காசை மேஜையில் வைத்துவிடுவார். யார் எந்த யோசனை சொன்னாலும் முழுக்கக் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "செரிங்க. அதுக்கப்புறம்?" இன்னொரு நர்ஸ் போடலாம் என்றால், அதுக்கப்புறம்? இன்னொரு வேன் இலவசமாக வருகிறது என்றால், அதுக்கப்புறம்? டீசல் யார் போடுவது, டிரைவருக்கு யார் சம்பளம் கொடுப்பது, நிறுத்தினால் யார் வீட்டில் போய்ச் சொல்வது. அந்தக் கேள்வி வந்தாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

சேமிப்புக்கு அவர் வைத்திருந்த முறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் ஆறு மாதச் சம்பளம், ஒரு வருட வாடகை என்று கணக்குப் போடுவார்கள். இவர் படுத்திருக்கிறவர்களை வைத்துப் போடுவார். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு மதியம் மூவரும் உட்காருவோம். ஸ்டெல்லா ஒவ்வொருவராகச் சொல்லுவாள்: புண் ஆறுகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா. டாக்டரம்மா சற்று நேரம் யோசித்துவிட்டு ஒரு அளவு சொல்லுவார். "ஆறு மாசம் இருப்பாருங்க." "இந்தம்மா ஒரு வருசம்." "இவரு இந்த மாசம் தாண்டறது கஷ்டம்." நான் ஒவ்வொருவருக்கும் ஆகும் மாதச் செலவை அந்தக் காலத்தால் பெருக்கி எழுதுவேன். அதற்கு மேல், அத்தனை காலத்துக்கும் நர்சும் வேனும் வேண்டும் என்பதால் அந்தச் செலவு. கடைசியாக, மூடினால் எங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. மொத்தம் எவ்வளவோ, அவ்வளவு பேங்கில் பிக்சட் டெபாசிட்டாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. நாங்கள் அதற்குப் படுக்கைக் கணக்கு என்று பெயர் வைத்திருந்தோம்.

ஏன் இப்படி என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"ஒருத்தங்க ஊட்டுக்குள்ள நாம போய்ட்டம்னா, அந்த ஊட்டு ஆளுக நம்பி வேலைக்குப் போயிருவாங்க மல்லிகா. பொறகு நாம நின்னுட்டம்னா, போகாமயே இருந்ததை விட மோசமுங்க. அந்தப் பணம் நம்ம பணம் இல்லீங்க. படுத்திருக்கறவங்க பணம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கைப் போடுகிற கைக்கு அது பழக நாளானது. ஒருவர் இறந்துவிட்டார் என்று ஸ்டெல்லா போன் செய்தால், அந்தப் பெயரை அடித்தவுடன் தேவையான தொகை இறங்கும். இன்னொருவரை எடுக்க இடம் கிடைக்கும். துக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் கழித்தல் நடக்கும். ஒரு நாள் அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தாளில் இருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கும் நடக்குமுங்க. நடக்கட்டும். வெளிய சொல்லாதீங்க" என்றார்.

ஆடிட்டருக்கும் இதில் சங்கடம். வருகிற வருமானத்தில் எண்பத்தைந்து சதவீதம் அந்த ஆண்டே செலவாகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், மிச்சத்தை எதற்காகச் சேர்க்கிறோம் என்று தீர்மானம் போட்டு வருமான வரித் துறைக்குப் படிவம் அனுப்ப வேண்டும். நன்கொடை கொடுப்பவர்கள் வரவு செலவைப் பார்த்துவிட்டு, உங்களிடம்தான் இவ்வளவு இருக்கிறதே என்று கையை இழுத்துக்கொள்வார்கள். நான் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவருக்கும் விளக்கிக் கடிதம் எழுதினேன். விளக்கி விளக்கி என் குரலே எனக்கு அலுத்தது.

எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வந்தது. தனபால் என்று பெயர், பனியன் ஏற்றுமதி செய்கிறவர், அறங்காவலர்களிலும் ஒருவர். அவருடைய அப்பா எங்கள் பராமரிப்பில் இருந்து இறந்தவர். அதிலிருந்து மாதாமாதம் தவறாமல் கொடுத்தார். பணம் மட்டும் இல்லை, வெட்டுத் துணிக் கழிவில் நல்லதாகப் பொறுக்கி, துவைத்து, மூட்டை கட்டி அனுப்புவார். டயபர் வாங்க முடியாத வீடுகளுக்கு அந்தப் பனியன் துணிதான். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவதில் அவர் கெட்டவராகத் தெரியக் கூடாது.

நூல் விலை ஏறி, வெளிநாட்டு ஆர்டர் பாதியாக விழுந்த வருடம் அவர் அதைப் போனில் சொல்லாமல் நேரில் வந்தார். இரண்டு யூனிட்டில் ஒன்றை மூடிவிட்டதாகச் சொன்னார். இனி பழையபடி கொடுக்க முடியாது என்பதைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் ஆனது. பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார்.

"ஏனுங் டாக்டரம்மா, பணம் பேங்க்ல படுத்துக் கெடக்குது. ஆளுக ஊட்ல படுத்துக் கெடக்கறாங்க. எடுத்துச் செலவு பண்ணுனா என்னுங்க? இருக்கறவங்களையும் பாத்து, புதுசா வர்றவங்களையும் எடுத்து ஒரு வருசம் ஓட்டீரலாம். அதுக்குள்ள ஆர்டர் திரும்பீருமுங்க."

"செரிங்க. திரும்பலீன்னா?"

"அப்ப பாத்துக்கலாமுங்க."

"யாருங்க பாக்கறது?"

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க இப்படிக் கேட்டா, நான் தப்புப் பண்ணுன மாதிரி ஆயிருதுங்க" என்றார்.

"இல்லீங்க. இத்தன வருசம் ஓடுனதே உங்களாலதான். உங்களக் கேக்கலீங்க நான். இப்ப பதினெட்டுப் பேரு படுத்திருக்கறாங்க. அவங்க முடியற வரைக்கும் பணம் இருக்குது. பத்தொம்பதாவது ஆள எடுத்தா, பதினெட்டுப் பேருக்குச் சொன்ன வார்த்த பொய்யாயிருமுங்க."

அந்த வாரமே தீர்மானம் போட்டோம். இனிப் புதிதாக யாரையும் எடுப்பதில்லை. இருக்கிறவர்களைக் கடைசி வரை பார்ப்பது. பிறகு மூடிவிடுவது. தனபாலும் கையெழுத்துப் போட்டார். அவர் இறங்கிப் போகும்போது படியில் ஒரு நிமிடம் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வருவாரோ என்று நினைத்தேன். வரவில்லை.

அதற்குப் பிறகு என் வேலை மாறியது. போனை எடுத்து முடியாது என்று சொல்வதுதான் வேலை. ஆஸ்பத்திரிகளில் எங்கள் நம்பரைக் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள். முதலிலேயே மறித்துச் சொல்லிவிடலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்லி முடிக்க உடுங்க. அதுவாச்சும் செய்யலாம்" என்றார். அதனால் முழுவதும் கேட்பேன். பிறகு இல்லை என்பேன்.

போனில் இல்லை என்பது ஒரு மாதிரி. நேரில் வேறு. பேச்சியம்மாள் நேரில் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, இங்கே ஒரு கம்பெனியில் தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமலேயே வந்திருந்தாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். புருஷன் கட்டட வேலையில் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வயது நாற்பது இருக்கும்.

டாக்டரம்மா அவள் கொண்டுவந்த ஆஸ்பத்திரித் தாள்களை நிதானமாகப் படித்தார். புண் இருக்கிறதா என்று கேட்டார். இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கணக்கில் வேறு யாருக்கும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போடலாம். இவன் இளவயதுக்காரன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம்கூட இருப்பான். சீக்கிரம் சாகிறவர்களைத் தாங்கத்தான் எங்களிடம் பணம் இருந்தது. பிழைக்கிறவனைத் தாங்க இல்லை.

நான்தான் சொன்னேன். பேச்சியம்மாள் கோபப்படவில்லை.

"பணம் இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றால் அவளுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இருக்குதுங்க. அது ஏற்கனவே படுத்திருக்கறவங்களுக்குன்னு வெச்சதுங்க."

"சரிக்கா. அவியளும் பாவம்தான," என்றாள்.

ஸ்டெல்லா அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய், புண்ணை எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டுவது என்று ஒரு தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். புண் கழுவ ஒரு தட்டும், கட்டுத் துணியும், மருந்தும் கொடுத்தோம். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "நான் வேலைக்குப் போயிட்டா யாருக்கா பொரட்டுவா?" என்றாள். அது கேள்விகூட இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மணி பார்த்துவிட்டு ஓடினாள்.

சில வாரங்கள் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை அடையாள அட்டை இல்லை. கையில் அந்தத் தட்டும், பிரிக்காத கட்டுத் துணிப் பொட்டலங்களும் இருந்தன.

"அவிய போயிட்டாவக்கா. புண்ணு உள்ள போயி ரத்தத்துல கலந்துட்டுன்னு சொன்னாவ. இது மிச்சம் இருந்துச்சு. வேற யாருக்காச்சும் ஆவும்லா."

மேஜையில் வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை டாக்டரம்மா வந்ததும் சொன்னேன். அவர் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாம போயிருந்தா அந்தாளு செத்திருக்க மாட்டாருங்க," என்றார். "பத்து வருசம் இருந்திருப்பாரு. அதத்தான் நம்மால தாங்க முடியாதுன்னு சொன்னோம்."

"அப்ப நாம பண்ணுனது தப்புங்களா?"

"தெரியலீங்க. மறுபடி வந்து கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன். அதனால அது செரின்னு ஆயிராது."

இருவரும் சேர்ந்து அந்தப் பொட்டலங்களை அலமாரியில் அடுக்கினோம். அவர் போன பிறகு நான் சற்று நேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் அரிசி களைய வேண்டும் என்ற நினைப்புத்தான் வந்தது. அப்படிப்பட்ட சோர்வு அது.

பதினெட்டுப் பேர் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். டாக்டரம்மா சொன்ன அளவுக்கு முன்னே பின்னே, ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. பத்துப் பேர் ஆனதும் வேனை விற்றோம். டிரைவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து அனுப்பினோம். ஐந்து பேர் ஆனதும் மாடியைக் காலி செய்துவிட்டு டாக்டரம்மா வீட்டு முன்னறைக்கு வந்தோம். ஸ்டெல்லா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, எங்களுக்கு வாரத்தில் மூன்று காலை மட்டும் வந்தாள். என் சம்பளத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "சம்பளம் வாங்காதவங்க வேலையில தப்பு வந்தா நான் எப்படிங்க கேக்கறது?" என்றார். பாதிச் சம்பளம் என்று முடிவானது. டாக்டரம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து போடலாமே என்று தனபால் ஒரு தடவை கேட்டதற்கும் மறுத்துவிட்டார். தன் கைக்காசில் நடந்தால், தான் போகும் அன்று அது நின்றுவிடும் என்பது அவர் வாதம்.

கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். ஆறுமுகம். சோமனூர்ப் பக்கத்தில் வாழ்நாள் முழுக்க விசைத்தறி ஓட்டியவர். மகனோடு இங்கே வந்து லைன் வீட்டில் இருந்தார். மகனுக்கு வெளியூரில் ஒரு மில்லில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். மருமகள் செல்வி தையலுக்குப் போகிறவள். ஆறுமுகத்துக்கு இடுப்பெலும்பு உடைந்து, இருதயமும் பலவீனமாகி, படுத்தவர்தான். எடுத்த அன்று டாக்டரம்மா, "மூணு மாசம் தாண்டாதுங்க" என்று சொன்னார். நானும் மூன்று மாதத்துக்குத்தான் எழுதினேன்.

அவர் இரண்டு வருடம் தாண்டியும் இருந்தார்.

செல்விதான் காரணம். காலையில் கம்பெனிக்குப் போகும் முன் துடைத்து, புரட்டி, கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் வந்து மறுபடி புரட்டிவிட்டுப் போவாள். வாரம் மூன்று நாள் ஸ்டெல்லா. உடம்பில் ஒரு புண் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஸ்டெல்லா, "நல்லா இருக்காருக்கா" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருக்கும். நான் இன்னொரு மூன்று மாதத்தை எழுதுவேன். முன்பு பதினெட்டுப் பேர் பகிர்ந்துகொண்ட செலவு, இப்போது ஒருவர் தலையில். டெபாசிட்டை ஒவ்வொன்றாக முறித்தோம். பேங்கில் இருந்த பெண் ஒரு தடவை, "ஏனுங் மேடம், வட்டி நட்டமாகுமே" என்றாள். ஆகட்டும் என்றேன்.

தறிச் சத்தத்தில் காது போனவர் ஆறுமுகம். அவரிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவரும் கத்தித்தான் பேசுவார். லைனில் எட்டு வீட்டுக்கும் கேட்கும். மாதம் ஒரு தடவை நானும் ஸ்டெல்லாவோடு போவேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, எனக்கு எத்தன செலவாவுதுங்க?"

"அதெல்லாம் நீங்க கேக்கப்படாதுங்க," என்று கத்தினேன்.

"நா ஒருத்தன் கெடக்கறதுனாலதான் நீங்க ஆபீஸ மூட முடியாம கெடக்கறீங்களாமா? எம் பையன் சொன்னான்."

எதிர்வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரம் செல்வி போன் செய்தாள். மாமனார் சாப்பிட மாட்டேன் என்கிறாராம். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. மாத்திரையையும் தள்ளிவிடுகிறார். டாக்டரம்மா வரத் தேவையில்லை என்று சொல்லிவிடச் சொன்னாராம். "என்னமோ நெனச்சுக்கிட்டாருங்க அக்கா. எங்கிட்ட சொல்ல மாட்டீங்கறாரு," என்றாள். அவள் பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. சூப்பர்வைசருக்குத் தெரியாமல் பேசுகிறாள் போல, சட்டென்று வைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவும் நானும் ஆட்டோவில் போனோம். அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாடி பார்த்து, நெஞ்சு பார்த்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக என் முன்னால் சத்தம் போட்டார். வேறு வழியில்லை, ஆறுமுகத்துக்குக் கேட்க வேண்டுமே.

"சாப்படறதில்லையாமா?"

"பசி இல்லீங்க."

"பொய் சொல்லாதீங்க."

ஆறுமுகம் கூரையைப் பார்த்தார். "எழுவது தாண்டி எத்தன வருசமாச்சுங்க. முன்ன போனா என்ன, பின்ன போனா என்ன? நீங்களும் வயசான காலத்துல அலையறீங்க."

"அந்தப் பணம் உங்க பேருல எழுதி வெச்சதுங்க. நீங்க முன்னயே போய்ட்டீங்கன்னா அது எனக்கு வராது. தீர்மானம் போடோணும். வேற ட்ரஸ்டுக்கு மாத்தோணும். வரி ஆபீசுக்கு எழுதோணும். ஆடிட்டர் வீட்டுக்கு நாலு நட நடக்கோணும். எனக்கு முட்டி வலிங்க. நீங்க பேசாம சாப்பட்டுட்டு இருங்க."

எதிர்வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். ஆறுமுகம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அத்தன வேலை இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க."

"கஞ்சி இருக்குதா பாருங்க அம்மிணி," என்று என்னிடம் சொன்னார். செல்வி காலையில் வைத்துப் போன கஞ்சி மூடியபடி இருந்தது. நான்தான் ஊட்டினேன். பாதிக் கிண்ணம் குடித்தார்.

திரும்பும்போது டாக்டரம்மா, "எத்தன மாசத்துக்கு இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு மாசத்துக்கு. அதுவே இழுத்துப் பிடிச்சாத்தானுங்க."

ஆட்டோ மங்கலம் ரோட்டில் நெரிசலில் நின்றது. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "பத்தாதுங்க," என்றார். அவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். அதாவது ஆறுமுகம் ஐந்து மாதத்துக்கு மேலும் இருப்பார். எனக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பிரிக்கத் தெரியவில்லை. தனபாலிடம் கேட்கலாமா என்றேன். அவரே கடனில் இருக்கிறார், இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மாவின் அந்தக் கணிப்பும் தவறிப்போனது. மூன்றாம் மாதம் ஒரு காலையில், செல்வி கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் போய்விட்டார். உடலை எடுப்பதற்கு டாக்டரம்மா, ஸ்டெல்லா, நான் மூவரும் போனோம். தனபாலும் வந்து வெளியே ஆண்களோடு நின்றார். அவருக்கு ஆறுமுகம் யாரென்றே தெரியாது. பெயரை மட்டும் மாதாமாதம் அறிக்கையில் பார்த்திருக்கிறார்.

மூடுகிற வேலைகளுக்கு அதன் பிறகு சில மாதங்கள் ஆயின. டாக்டரம்மா சொன்ன அத்தனை நடையும் நடந்தோம். மீதித் தொகையைப் பல்லடத்து அமைப்புக்கு மாற்றினோம். அந்தப் பெண் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். இப்போது டாக்டரம்மாவுக்கு வீட்டை விட்டு வெளியே போக முடிவதில்லை. மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பழைய பேச்சு எதுவும் பேச மாட்டோம். டிவி பார்ப்போம்.

கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. வைத்திருந்ததால் ஆறுமுகத்துக்குச் சொன்ன வார்த்தை நின்றது. வைத்திருந்ததால்தான் பேச்சியம்மாளுக்கு இல்லை என்றேன். இரண்டும் ஒரே பணம்.

ஆறுமுகம் இறந்து காரியம் முடிந்த பிறகு ஏர் பெட்டை வாங்கி வரப் போனேன். செல்வி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பெட்டைத் தேய்த்துக் கழுவி, வெளியே கொடியில் தொங்கவிட்டிருந்தாள். கட்டில் இருந்த இடம் காலியாக, தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தோம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, பணமெல்லாம் தீந்து போச்சுங்களா?"

"இல்ல கண்ணு. கொஞ்சம் மிச்சம் இருக்குது."

"எத்தன நாளைக்குங்க?"

"ரெண்டு மாசத்துக்கு இருக்கும்."

அவள் கொடியிலிருந்த பெட்டை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்க ஆரம்பித்தோம்.

"அப்ப மாமா இன்னும் ரெண்டு மாசம் இருந்திருக்கலாமுங்க," என்றாள்.